210 மீற்றர் வண்டலும் ஒரு பழைய மாஸியும்

டிசம்பர் 20ஆம் திகதி பின்னேரம் நான்கு மணிக்கு அம்மா வந்த ஆட்டோ, படலையில் இருந்து வீட்டு முற்றம் வரை ஓர் இடத்திலும் நிற்காமல் வந்து சேர்ந்தது. 2025 நவம்பரில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலின் வெள்ளம் வடிந்த பிறகு அந்தப் பாதையில் தானாக உருண்டு வந்த முதல் வாகனம் அதுதான். இறங்கிய அம்மா பாதையைப் பார்க்கவில்லை. என் காற்சட்டையைப் பார்த்தார். "இதை இனித் தோய்த்துப் பயனில்லை" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு. பாதையை மூடிய வண்டலை எங்கள் பழைய மாஸி உழவு இயந்திரத்தால் தள்ளி எடுத்த கதை இது. அளவுகளும் விலைகளும் மறந்துபோவதற்கு முன் எழுதி வைக்கிறேன். செய்த பிழைகள் அவற்றைவிட விரைவாக மறந்துபோகும் என்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கொட்டாஞ்சேனையில். காணி கடுவெலவுக்கும் ஹங்வெல்லவுக்கும் இடையில், களனி கங்கையில் இருந்து நடந்துபோகும் தூரத்தில். இரண்டு ஏக்கர், தென்னை, வாழை, ஒரு பழைய வீடு. பிரதான வீதியில் இருந்து வீட்டுக்குப் போகும் பாதை 210 மீற்றர் நீளம், பத்தடி அகலம். முதல் 140 மீற்றர் கிறவல் போட்டது. வீட்டை ஒட்டிய 70 மீற்றர் கொங்கிறீட். வலப்பக்கம் முழுவதும் மழைத்தண்ணீர் ஓடும் இரண்டடி ஆழக் கான். நவம்பர் 28இல் ஏறிய தண்ணீர் டிசம்பர் 2இல் வடிந்தபோது பாதையும் கானும் ஒன்றாகவே தெரிந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே மட்டம்.

முதலில் செய்த வேலை அளந்தது. அரை அங்குலக் கம்பி ஒன்றில் அங்குலத்துக்கு ஒரு கோடு கீறி, பத்து மீற்றருக்கு ஓர் இடமாக 21 இடங்களில் குத்திப் பார்த்தேன். மிகக் குறைந்தது இரண்டு அங்குலம், கூடியது ஒன்பது, சராசரி ஐந்துக்குச் சற்றுக் குறைவு. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 75 கன மீற்றர். மணல் வாங்கும் கணக்கில் சொன்னால் 27 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). மூன்று கியூப் டிப்பர் என்றால் ஒன்பது லோட்.

மறுநாள் நானும் பக்கத்துக் காணியில் வேலை செய்யும் தம்பி ஒருவனும் மண்வெட்டியும் சவளும் எடுத்து அரை நாள் நின்றோம். ஆறு மீற்றர் துப்புரவானது. மிச்சத்தை மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டுச் சவளைக் குத்தி நிறுத்தினேன். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டேன். மணிக்கு 9,000 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தது எட்டு மணி, இரண்டு நாள் வேலை, ஏற்றி இறக்கும் கூலி 20,000. எல்லாம் சேர்த்து 164,000. அதுவும் இரண்டு கிழமை பொறுக்க வேண்டும், அவருக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்களில் கங்கைக் கரை முழுவதும் மண்வெட்டிச் சத்தம்தான்.

அன்றிரவு பெரியண்ணா கனடாவில் இருந்து கூப்பிட்டார். ஒன்ராறியோவில் பாரி நகருக்கு வெளியே அவருக்கும் இதேபோல ஒரு நீளமான பாதை. ஒவ்வொரு குளிர்காலமும் அவர் பழைய போர்ட் 8என் உழவு இயந்திரம் ஒன்றின் பின்னால் பலகை பூட்டிப் பனி தள்ளுகிறார். "உன்னிடம் மாஸி நிற்கிறது. ஒரு பலகையைப் பூட்டித் தள்ளு, தம்பி. எங்கள் பாதையில் ஒன்றரை அடிப் பனியைக்கூட ஒரு மணித்தியாலத்தில் தள்ளிவிடுவேன்" என்றார். இரண்டு இயந்திரங்களிலும் கருவி பூட்டுவதற்குப் பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பு (கீழே இரண்டு கைகள், மேலே டொப் லிங்க் என்ற ஒரு தண்டு) ஹரி பெர்குசனின் கைவேலைதான், ஆகவே அவருடைய பலகையை இங்கே கொண்டுவந்தால் எங்களுடையதில் நேராகப் பூட்டலாம் என்பதையும் விளக்கினார். பனிக்கும் மண்ணுக்கும் எடையில் என்ன வேறுபாடு என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றர் நூறு கிலோ அளவில் இருக்கும். ஈர வண்டல் 1,600க்கு மேல்.

எங்கள் மாஸி 35 ஆனது 1962ஆம் ஆண்டு இயந்திரம். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல், இரண்டரை லீற்றர். தேங்காய்ப் பெட்டி இழுப்பதற்காக அநுராதபுரம் பக்கத்தில் வாங்கியது. வெள்ளத்தில் அது கொட்டிலில் நின்றது. தண்ணீர் பின் அச்சின் நடுப்பகுதி வரை ஏறி, இரண்டு இரவு அப்படியே நின்றிருக்கிறது. என்ஜினுக்குள் போகவில்லை, பெற்றரியை முன்பே கழற்றி மச்சில் வைத்திருந்தோம். ஆனால் கியர்ப் பெட்டியின் அளவுகோலை உருவிப் பார்த்தால் நுனியில் எண்ணெய் இல்லை, பால் தேநீர். பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.ரி.ஓ. தண்டின் சீல் தேய்ந்திருந்தது. அந்த வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. இந்த இயந்திரத்தில் கியரும் பின் அச்சும் பாரந்தூக்கும் ஹைட்ரோலிக்கும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. அது கெட்டால் எல்லாம் கெட்டது.

முதல் பிழை இங்கே. எண்ணெய் வடிக்கும் அடைப்பைக் கழற்றியதும் நான்கு லீற்றர் அளவு வெறும் தண்ணீர் வந்தது, பிறகு பால் நிற எண்ணெய் வந்தது, பிறகு நின்றது. வடிந்துவிட்டது என்று நினைத்து, புதிய எண்ணெய் 20 லீற்றர் கேன் இரண்டு வாங்கி 32 லீற்றர் ஊற்றினேன். 68,000 ரூபாய். எங்கள் மெக்கானிக் பாஸ் அப்போதே சிங்களத்தில் சொன்னார்: முதலில் மலிவான எதையாவது ஊற்றிக் கழுவுங்கள், மூலைகளில் இன்னும் தண்ணீர் இருக்கும். அவசரம் என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். இரண்டு மணித்தியாலம் ஓட்டி, பாரந்தூக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்தபின் அளவுகோலை உருவினேன். மறுபடியும் பால் தேநீர். இந்த முறை சாயம் சற்றுக் கூட, அவ்வளவுதான்.

பின் அச்சு இருபக்கமும் குழல்போல நீண்டு கிடக்கிறது. அங்கே தேங்கியது அடைப்பைக் கழற்றினால் வராது. பிறகு பாஸ் சொன்னபடியே செய்தேன். பின் சில்லுகள் இரண்டையும் ஜாக்கியில் ஏற்றி, மரக்குற்றி வைத்து, டீசலும் கராஜில் கிடந்த பழைய எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து 30 லீற்றர் ஊற்றி, மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் சுழலவிட்டேன். சூட்டோடு இறக்கி, ஓர் இரவு சொட்ட விட்டேன். பி.ரி.ஓ. சீலையும் மாற்றினேன். அதன் பிறகு ஊற்றிய எண்ணெய் இன்றுவரை தேன் நிறத்தில் இருக்கிறது. பிரேக் டிரம்களைக் கழற்றியபோது ஒவ்வொன்றிலும் அரைக் கோப்பை நைஸான வண்டல் இருந்தது. வெள்ளத்தில் நின்ற இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் அதைத் திறந்து பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

பலகையை வெல்லம்பிட்டியில் ஒரு வெல்டிங் பாஸிடம் செய்வித்தேன். அவருடைய பட்டறையிலும் தண்ணீர் ஏறி இறங்கிய கோடு சுவரில் அப்படியே இருந்தது. மின்சாரம் முந்தைய நாள்தான் வந்திருந்தது. வளைந்த தகடு தனியாகச் செய்விக்க விலை அதிகம். பழைய இரும்புக் கடையில் 18 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தது. சுவர் எட்டு மில்லிமீற்றர். அதை ஆறடி நீளத்துக்கு வெட்டி, வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தோம். வளைவு தானாகவே வந்துவிட்டது. பின்னால் சட்டம், நடுவில் ஒரு சுழல் தண்டு, பலகையை நேராகவும் இருபக்கமும் 30 பாகை சாய்த்தும் நிறுத்த மூன்று துளைகள். ஆறடி ஏன் என்றால், 30 பாகை சாய்த்தபிறகும் பலகை ஐந்தடிக்கு மேல் மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின் சில்லு நாம் தள்ளிய மண்ணிலேயே ஏறி ஓடும். வெட்டும் விளிம்புக்கு லொறி ஸ்பிரிங் பட்டைகளை வரிசையாக வைத்து ஒட்டினோம். பாஸ் உறுதியாகச் சொன்னார், நானும் நம்பினேன். அதைப் பிறகு சொல்கிறேன். டொப் லிங்க், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று வாங்கினேன், 7,500. அங்கே போனால் தேடிப் போனதைவிடத் தேடாததுதான் அதிகம் கண்ணில் படும். ஒரு மணித்தியாலம் சும்மா சுற்றினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டிசம்பர் 8, முதல் முயற்சி. பெரியண்ணாவின் முதல் விதி: விழ விழத் தள்ளு, இறுகவிடாதே. பனிக்கு அது சரி. வண்டல் இன்னும் கூழாக இருந்தது. முந்தின நாள் பின்னேரம் ஒரு மழையும் பெய்திருந்தது. படலையடியில் பலகையை இறக்கி, தாழ்ந்த இரண்டாம் கியரில் இழுத்தேன். எட்டு மீற்றர் போனதும் பலகை நிறைந்தது. அதற்குப் பிறகு கூழ் இருபக்கமும் வழிந்து, பின்னால் போய் ஒன்று சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் நீர்மேல் எழுத்து. நான் போனதற்குச் சாட்சியாக இரண்டு சில்லுத் தடங்கள் மட்டும் இருந்தன, அவையும் மெல்ல மூடிக்கொண்டிருந்தன.

நேராகத் தள்ளினால் சரிவரவில்லை என்று பலகையை இடப்பக்கம் வீசும்படி 30 பாகை சாய்த்தேன். மண் இடப்பக்கம் போகும்போது இயந்திரத்தின் வால் வலப்பக்கம் தள்ளப்படும் என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். எனக்கு அந்தக் கணத்தில் தெரியவில்லை. வலப்பக்கம் கான். வண்டலுக்கடியில் அதன் விளிம்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாவது இழுவையில் வலப் பின்சில்லு கானுக்குள் இறங்கிவிட்டது. இயந்திரம் சரிந்து, மதிலில் சாய்ந்து நின்றது. நான் இடப்பக்கம் குதித்துவிட்டேன். இந்த வயது இயந்திரங்களில் ஓட்டுநருக்கு மேலே பாதுகாப்புச் சட்டம் எதுவும் கிடையாது. மதில் இல்லாவிட்டால் இந்தப் பதிவை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

வெளியே எடுக்க ஒரு நாள் முழுவதும் போனது. தென்னை ஒன்றில் சாக்கு சுற்றி, வாடகைக்கு எடுத்த செயின் புளொக்கைப் பூட்டி, சில்லுக்கு அடியில் பலகைத் துண்டுகள் செருகிச் செருகி அங்குலம் அங்குலமாக ஏற்றினோம். சங்கிலியை இழுவைக் கம்பியில்தான் பூட்ட வேண்டும். அச்சுக்கு மேலே எங்காவது பூட்டினால் இயந்திரம் முன்பக்கம் எழும்பிப் பின்னால் புரளும்.

அன்றிரவு பெரியண்ணாவிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "ஓரத்தில் கம்பு நடவில்லையா?" என்பதுதான். அங்கே பனிக்காலம் தொடங்கும் முன்னரே எல்லோரும் பாதையின் இரண்டு ஓரத்திலும் உயரமான கம்புகள் நட்டுவிடுவார்களாம். பனி மூடிய பிறகு ஓரம் தெரியாது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் அடுத்த நாள் கம்பியால் குத்திக் குத்திக் கானின் விளிம்பைக் கண்டுபிடித்து, 16 மூங்கில் கம்புகளை நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். கம்பில் இருந்து மூன்றடிக்குள் சில்லு போவதில்லை என்று ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்ன இன்னொன்று உடனே பலித்தது. பின் டயர்களுக்குள் தண்ணீர் நிரப்புவது. அங்கே உறையாமல் இருக்கக் கல்சியம் குளோரைட் கலப்பார்களாம். எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். வால்வை மேலே வரும்படி சில்லைத் திருப்பி, பாரத்தை ஜாக்கியில் ஏற்றிவிட்டு, வால்வின் உள்ளூசியைக் கழற்றி, தோட்டக் குழாயைச் செருகி நிரப்பினேன். இடையிடையே குழாயை எடுத்துக் காற்றை வெளியே விட வேண்டும். வால்வில் தண்ணீர் தெரிந்ததும் நிறுத்தி, மேலே காற்று அடித்தேன். வாளிக் கணக்கில் ஒரு டயருக்கு ஏறக்குறைய 170 லீற்றர். இரண்டிலும் சேர்த்து 340 கிலோ, அதுவும் தாழ்வாக. வழுக்கல் பாதியாகக் குறைந்தது. வயலில் பூட்டும் இரும்புச் சில்லைக் கேட்டு வாங்கலாமா என்றும் யோசித்தேன். கிறவலைக் கிழித்து எறிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

கூழாக இருந்தபோது தள்ளியது பிழை என்றால், காயவிட்டுத் தள்ளுவது சரி என்று முடிவெடுத்தேன். அது இரண்டாவது பெரிய பிழை. டிசம்பர் 14 வரை பொறுத்தேன். படலைப் பக்கம் வெயில் நன்றாக விழும் இடம். வண்டல் ஓடு ஓடாக வெடித்திருந்தது. பலகையை இறக்கினேன். பலகை அதன்மேல் சறுக்கிக்கொண்டு வந்தது. இந்தப் பாரந்தூக்கி தூக்க மட்டும்தான் செய்யும், கீழே அமுக்காது. பலகையின் சொந்த எடையே வெட்ட வேண்டும். எங்கள் பலகை எல்லாம் சேர்த்து 140 கிலோ. மேலே இரண்டு மண் மூட்டைகள் வைத்துக் கட்டினேன், 100 கிலோ. இப்போது கடித்தது. ஆனால் பாதை அலை அலையாக வந்தது. ஒரு மீற்றர் ஆழமாக, அடுத்த மீற்றர் மேலாக, ஓலைத் தடுக்கைப் போல.

இரண்டு காரணங்கள். இரண்டும் கலப்பை பிடித்த கையின் பழக்கங்கள்; சின்ன வயதில் வன்னியில் மாமாவின் வயலில் படித்தவை.

ஒன்று, நான் பிடித்திருந்தது இழுவை லீவர். கலப்பைக்கு அது அருமையானது. நிலம் இறுகி இழுவை கூடினால் கலப்பையைத் தானாகச் சற்றுத் தூக்கும். பலகைக்கு அதே குணம் வினை. ஒவ்வொரு முறையும் மண் சேர்ந்து பாரம் கூடியதும் பலகையைத் தூக்கி, மண்ணைக் கொட்டி, மறுபடி இறக்குகிறது. அதனால்தான் அலை. பலகையை ஒரே உயரத்தில் பிடித்து வைக்கும் நிலை லீவருக்கு மாறியதும் அலை நின்றது. இரண்டு லீவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

மற்றது டொப் லிங்க். கலப்பை ஆழமாகப் போக வேண்டும் என்றால் டொப் லிங்கைச் சுருக்குவோம். மூக்கு கீழே குத்தும். பலகையிலும் அதையே செய்தேன். சுருக்கச் சுருக்க இன்னும் மோசமாகச் சறுக்கியது. இறங்கி, பக்கவாட்டில் குந்தியிருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. பலகை கீழ்க் கைகளுக்குப் பின்னால் தொங்குகிறது. டொப் லிங்கைச் சுருக்கினால் அதன் தலை முன்னே சாய்ந்து, வெட்டும் விளிம்பு பின்னே போகிறது. அப்போது அது சுரண்டாது, தடவும். நீட்டினால் விளிம்பு முன்னே வந்து கடிக்கும். கலப்பைக்கு நேர் எதிர். ஆறு சுற்று நீட்டியபோது சரியாக வந்தது. அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்து அடையாளம் வைத்திருக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ள அரை நாள் போனது.

கடிக்கத் தொடங்கிய சந்தோஷம் இருபது நிமிடம்கூட நிற்கவில்லை. சிறிய மதகு ஒன்றின் கொங்கிறீட் மூடி பாதையைவிட ஓர் அங்குலம் மேலே நிற்பது, வண்டலுக்கடியில் மறந்துபோய்விட்டது. விளிம்பு அதில் மோதி, ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டு ஒட்டிய இடத்தின் ஓரமாகவே சடக்கென்று உடைந்தன. பட்டை வளையவில்லை, உடைந்தது. ஸ்பிரிங் இரும்பு காரியமான இரும்புதான். ஆனால் சாதாரண வெல்டிங் சூடு பட்டு ஆறியதும் அந்த ஓரம் பீங்கான்போல ஆகிவிடுகிறது. பட்டைகளை வெட்டி எறிந்துவிட்டு, அரை அங்குலத் தடிப்பும் ஆறங்குல அகலமும் உள்ள ஒரே பட்டை இரும்பு வாங்கி, ஆறு போல்ட்டில் பூட்டினேன். தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம். இதை முதலிலேயே செய்திருந்தால் 6,000 ரூபாயும் ஒரு நாளும் மிச்சம்.

பனி தள்ளும் பெரிய பலகைகளில், எதிலாவது மோதினால் மடங்கிக் கொடுக்க ஸ்பிரிங் இருக்குமாம். நமக்கு அது இல்லை. சாய்வு நிறுத்தும் துளையில் இருந்த கடினமான பின்னை எடுத்துவிட்டு, அரை அங்குலச் சாதாரண போல்ட் ஒன்றைப் போட்டேன். ஏதாவது முட்டினால் அது முறியட்டும்; பலகை சுழன்று கொடுக்கும். பிறகு இரண்டு முறை முறிந்தது. ஒரு போல்ட் 60 ரூபாய்.

மூன்றாவது முயற்சிக்கு முன்னர் பாதையில் மேலும் கீழுமாக நடந்து, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நடுவில், வாழை நிழல் விழும் ஒரு முப்பது மீற்றரில் மண் வேறு மாதிரி இருந்தது. பிடித்தால் பிடிபட்டது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. பிட்டுக்குக் குழைத்த மாப் பதம். அந்த இடத்தில் மட்டும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன். பலகையின் வளைவில் ஏறி, சுருண்டு, இடப்பக்கமாகக் கட்டி கட்டியாக விழுந்தது. கீழே கிறவலின் சிவப்பு தெரிந்தது. நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண வேண்டியது பதத்தை.

பாதை முழுவதையும் அந்தப் பதத்துக்குக் கொண்டுவர இரண்டு நாள் எடுத்தேன். படலைப் பக்கம் ஓடாகக் காய்ந்த எழுபது மீற்றருக்கும் பின்னேரம் ஐந்து மணிக்குக் கிணற்று மோட்டாரால் தண்ணீர் தெளித்தேன். ஊற்றவில்லை, தெளித்தேன், வெடிப்புகள் குடிக்கும் அளவுக்கு. இரவு முழுவதும் ஊறி, காலையில் பதமாக இருந்தது. தாழ்ந்த பக்கத்தில் இன்னும் கூழாகக் கிடந்த நாற்பது மீற்றரில் மண்வெட்டியால் குறுக்கே ஐந்து வாய்க்கால் வெட்டி, தண்ணீரைக் காணிப் பக்கம் இறக்கினேன், கானுக்குள் அல்ல. கானுக்குள் இறக்கினால் அது கீழ்வீட்டுக்காரரின் வாசலில் போய்த் தேங்கும்.

இந்த இரண்டு நாளும் முழங்கால் வரை சப்பாத்து, கையுறை. வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. சுகாதாரப் பரிசோதகர் கொடுத்த டொக்சிசைக்கிளின் மாத்திரையை நானும் உதவிக்கு நின்றவர்களும் கிழமைக்கு ஒரு முறை எடுத்தோம்.

டிசம்பர் 18ஆம் திகதி காலை ஆறரைக்குத் தொடங்கினேன். பெரியண்ணாவின் இன்னொரு விதியை இப்போது மதித்தேன்: முதல் தடவையே தூரத்தில் கொண்டுபோய் வை, பிறகு வருவதற்கு இடம் வேண்டும். அவர் பனிக்குச் சொன்னது. 27 கியூப் மண்ணுக்கு அது இன்னும் பொருந்தும். பதினைந்து மீற்றருக்கு ஓர் இடம் என்று வாழை வரிசைகளுக்கு நடுவே திறப்பு விட்டு, அங்கே பலகையைத் திருப்பிப் பூட்டிப் பின்கியரில் உள்ளே தள்ளினேன். பின்கியரில் தள்ளும்போது மெதுவாக. அந்தக் கீழ்க் கைகள் இழுப்பதற்குச் செய்யப்பட்டவை, தள்ளுவதற்கு அல்ல. தென்னை அடிகளை மூடாமல் பார்த்துக்கொண்டேன். வாழைக்கு இந்த வண்டல் நல்லது. மூன்று கியூப் அளவைப் பக்கத்துக் காணிக்காரர் பள்ளம் நிரப்பக் கேட்டு எடுத்துக்கொண்டார்.

கிறவலைச் சேர்த்து வாராமல் இருக்க இன்னொரு பனிக்கால வித்தை கைகொடுத்தது. இரண்டு அங்குல இரும்புக் குழாயை நீளவாக்கில் பிளந்து, வெட்டும் விளிம்பில் உறைபோல மாட்டுவது. விளிம்பு கல்லைத் தோண்டாமல் அதன் மேலே உருண்டு போகும். பழைய தண்ணீர்க் குழாய் ஆறடி வீட்டிலேயே கிடந்தது. 14 மில்லிமீற்றர் அகலத்துக்கு கிரைண்டரால் இரண்டு வெட்டு. மூன்றாவது அடியில் குழாய் தானாக மூடிக்கொண்டு தட்டைக் கடித்துப் பிடித்தது. தட்டு வெடித்து முகக் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்தேன். அதற்குப் பிறகு வெட்டிய இடத்தில் ஆப்பு இறுக்கி இறுக்கித்தான் மேலே போனேன். குழாயைக் கடைசித் தடவைக்கு மட்டும் மாட்ட வேண்டும். முதல் தடவையே மாட்டினால் பலகை மண்ணுக்கு மேலேயே சவாரி செய்யும்.

கொங்கிறீட் பகுதி வேறு கதை, சுருக்கமான கதை. அங்கே பதம் பார்க்கத் தேவையில்லை. கூழாக இருக்கும்போதே தள்ளுவதுதான் சுலபம். கொன்வேயர் பெல்ட் ரப்பர் ஒன்றை எட்டங்குல அகலத்தில் வெட்டி, பட்டை இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு அங்குலம் கீழே நீட்டியிருந்தது. மோட்டாரால் நன்றாக நனைத்துவிட்டு இழுத்தேன். நிலத்தைத் துடைத்துவிட்டதுபோல வந்தது. 70 மீற்றரும் இரண்டு மணித்தியாலம். முதல் கிழமையே இந்தப் பக்கத்தில் இருந்து தொடங்கியிருக்கலாம். படலையில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

செலவு. பலகைக்கு: குழாய்த் துண்டு 8,640, சட்ட இரும்பு 9,500, வெல்டிங் கூலி 22,000, வீணாய்ப்போன ஸ்பிரிங் பட்டை 6,000, பட்டை இரும்பும் துளையும் போல்ட்டும் 13,500, ரப்பர் 4,800, டொப் லிங்க் 7,500. எண்ணெய்க்கு: முதல் ஊற்றல் 68,000, கழுவியது 9,000, இரண்டாம் ஊற்றலுக்கு மிச்சமிருந்த எட்டு லீற்றர் போக 41,200, சீல் 2,400. வேலைக்கு டீசல் 46 லீற்றர், 13,000 ரூபாய் அளவில். செயின் புளொக் வாடகை 3,000. இரண்டு பேருக்கு மூன்று நாள் கூலி 24,000. கூட்டினால் 232,540. பெக்கோக்காரர் கேட்டது 164,000. வித்தியாசம் 68,540, பாஸ் சொன்னதைக் கேட்காமல் ஊற்றிய அந்த இரண்டு கேன் எண்ணெயின் விலையும் ஒன்பது போல்ட்டின் விலையும். இந்தக் கணக்கை அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

அடுத்த முறை என்று ஒன்று வராமல் இருக்கட்டும். ஆனால் 2016 மே மாதத்திலும் இதே கங்கைதான் ஏறியது. வந்தால், களனி கங்கையின் நீர்மட்டம் காட்டும் நாகலகம் வீதி அளவுகோல் ஏறுகிறது என்று வானொலியில் கேட்டதுமே இயந்திரத்தை மேட்டு வீதிக்கு ஓட்டிவிடுவேன். மூங்கில் கம்புகள் நிற்கும் இடத்தில் இரும்புக் கம்பிகளைச் சிமெந்தில் நிறுத்துவேன். மூங்கில் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். மதகு மூடியின் மேலும் ஒரு கம்பி வரும். பலகையை ஆறடிக்குப் பதிலாக ஆறரை அடியில் செய்திருக்கலாம். சாய்த்து ஓட்டும்போது இடச்சில்லு இன்னும் மண் விளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பலகையின் இரு நுனியிலும் ஒன்பது அங்குலத்தில் பக்கத் தகடு கழற்றிப் பூட்டும்படி வைத்தால், நேராகத் தள்ளும்போது மண் வழியாது. வெல்டிங் பாஸிடம் சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் பார்க்கலாம் என்றார்.

கான் ஓரத்து மூன்றடி இன்னும் அப்படியே கிடக்கிறது. சில்லு அங்கே போகாது என்று நானே வைத்த கட்டுப்பாடு. அது மண்வெட்டி வேலை. கம்பியால் குத்திப் பார்த்ததில் ஏழு அங்குலம், இன்னும் கூழ்ப் பதம். வெள்ளிக்கிழமை மறுபடி குத்திப் பார்க்க வேண்டும்.